புகை தெரியணும், வாசம் வரணும்

துப்புரவுத் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைக் காட்டித்தான் நாங்கள் பேர் வாங்க வேண்டும். கடை, மண்டபம், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்காவது ஓரத்தில் வாளியும் கையுமாக நிற்கும் என் சக வாளிதூக்கிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆனாலும் கேளுங்கள். நம் பாட்டை நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆர்டர் எடுக்கும் வேலையில் இருந்தவள். கரோனா ஊரடங்கில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதே நேரத்தில் கிருமிநாசினி தெளிக்க ஆள் கிடைக்காமல் ஊரே அலைந்தது. துணிந்து இறங்கிவிட்டேன். என்னோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் கணேசன். சாத்தூர்ப் பக்கம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவன். இன்றைக்கும் எந்தக் கட்டடமும் அவனுக்குப் பருத்திக் காடுதான். மிஷினைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வரிசை வரிசையாக அடிப்பான். பூச்சி இலைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும் என்று குனிந்து மேசைக்கு அடியில் ஒரு தடவை கூடுதலாக அடிப்பான். அங்கே யாருடைய காலாவது இருந்தால் அது அவர்கள் பாடு.

இன்னொருவர் பாண்டியம்மாக்கா. சிவகாசிக்குப் பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவர். பக்கத்து அறையில் நடந்த ஒரு விபத்தில் கூட வேலை பார்த்த தோழி போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வேண்டாம் என்று என்னிடம் வந்துவிட்டார். கரோனா பயம் இருந்தவரை எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பயம் போனது, கூடவே ஆர்டரும் போனது. மாதா மாதம் நடக்கிற மாதிரி நிலையான வேலை ஒன்று கிடைக்காவிட்டால் அக்கா கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான். மகள் நர்சிங் படிக்கிறாள், வீட்டில் சும்மா உட்கார முடியாது. பழைய போர்மேன் சங்கரலிங்கம் வேறு, வேலை தெரிந்த ஆளை விடக்கூடாது என்று அடிக்கடி போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்காவை அந்த அறைக்கு அனுப்ப எனக்கு மனசே இல்லை. கீழே வருகிற கூத்தில் முதல் இரண்டு போக மற்றதெல்லாம் நாங்கள் இந்தக் கவலையை மடியில் கட்டிக்கொண்டு அடித்த கூத்துதான்.

சம்பந்திக்கு வரவேற்பு

கரோனா உச்சத்தில் இருந்த சமயம். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் விடிந்ததும் விடியாததுமாகப் போன் போட்டு, மிஷினோடு உடனே வரச் சொன்னார். குடோனுக்காக்கும் என்று நினைத்துப் போனோம். குடோனுக்கு இல்லை. சென்னையிலிருந்து அவருடைய சம்பந்தி கார் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெண் கொடுத்த இடம்.

கார் வந்து நின்றதும் கணேசன் டயரிலிருந்து ஆரம்பித்தான். என்ன ஏது என்று கேட்பதற்காகச் சம்பந்தி கண்ணாடியைப் பாதி இறக்கினார். கணேசன் அந்தப் பாதி வழியாக உள்ளேயும் ஒரு வீச்சு வீசினான். அண்ணாச்சி எனக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டு, ரகசியம் பேசுவதாக நினைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆளு மேலயும் லேசா ஒரு அடி அடிக்கச் சொல்லும்மா" என்றார். மனிதர்கள் மேல் அடிக்கக் கூடாது, தோல் எரியும், கண்ணுக்கும் ஆகாது என்று சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே காரின் டிக்கியைப் பார்த்தார்.

"அப்ப பெட்டியத் தொறந்து துணிமணி மேல நல்லா நனைய அடிங்க. மாத்துறதுக்கு ஒரு வேட்டி இல்லேன்னா மனுசன் எம்புட்டு நாள்தான் தங்குவாரு?"

தெருவைத் தாண்டிக் கை கழுவுங்கள்

ஊரடங்கு தளர்ந்து தீபாவளி சீசன் வந்தது. வெளியூரிலிருந்து பட்டாசு வாங்க வருகிறவர்கள், சானிடைசர் இல்லாத கடையில் ஏறவே மாட்டோம் என்றார்கள். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கடைக்காரர் என்னிடம் காலால் மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு ஒன்று வாங்கினார். வாங்கியவர், அது தீப்பிடிக்கிற சரக்கு என்று அறிந்ததும், கடை வாசலில் வைக்காமல் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். "கையைச் சுத்தம் செய்துவிட்டு வரவும்" என்று ஒரு போர்டு, எதிரே அம்புக்குறி. வருகிறவர்கள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தப்பி அந்தப் பக்கம் போய் ஸ்டாண்டை மிதித்துவிட்டு, மறுபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து பட்டாசு வாங்கினார்கள்.

டீக்கடைக்காரருக்கு யோகம். வடை தின்றவன் எல்லாம் எண்ணெய்க் கையை அதில்தான் கழுவினான். வாரம் முடிவதற்குள் கேன் காலியாகிவிடும். நிரப்பப் போகும்போது கடைக்காரரிடம், கரோனாவுக்குப் பயந்து ஜனங்களை லாரியில் அடிபடவிடுகிறீர்களே, வாசலில் ஒரு குழாயும் சோப்பும் போதாதா என்று கேட்டுவிட்டேன். அது அவருக்குப் பிடித்துப்போனது. அன்றைக்கே சோப்பு வைத்தார், எனக்கு அந்த ஆர்டர் போனது. நான் கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கரோனா வந்தாக்கூட பதினாலு நாளு டைம் குடுக்கும் தாயி. நம்ம சரக்கு ஒரு நிமிசம் குடுக்குமா?"

வாசம் இல்லாத மருந்து

அப்புறம் புது மருந்துகள் வந்தன. கண் எரியாது, மூக்கில் ஏறாது, வாசமே இருக்காது. அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெருமையாக ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை ஆரம்பித்தேன். மேடை, நாற்காலி, பந்திக் கூடம், கதவுக் கைப்பிடி ஒன்று விடாமல் துடைத்தோம். மண்டப மேனேஜர் வந்து நடுக்கூடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணும் வரலையே. வெறுந்தண்ணியத் தொட்டுத் துடைச்சிருக்கீகளா?" என்றார். மருந்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் காட்டினேன். சீட்டையும் முகர்ந்து பார்த்தார்.

இப்படியே போனால் மண்டபம் கையை விட்டுப் போய்விடும் என்று பாண்டியம்மாக்காவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்ப் பினாயில் வாங்கி வந்து வாசலில் தொடங்கி பந்திக் கூடம் வரை ஊற்றித் தள்ளிவிட்டார். மறுநாள் முகூர்த்தம். வந்தவர்கள் பன்னீர்ச் செம்பைத் தாண்டியதுமே தும்ம ஆரம்பித்தார்கள். பந்தியில் உட்கார்ந்த ஒரு பெரியவர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

"இப்பத்தாம்மா சுத்தம்! பாருங்க, சாம்பார்லகூட மணக்குது!"

வாய் கோணிய லட்சுமி

நான் முன்னே வேலை பார்த்தது மாதிரியே இன்னோர் அச்சகம். காலண்டர் சீசன். ஞாயிற்றுக்கிழமை மிஷின் நிற்கும்போது உள்ளே மருந்து அடித்துவிடுங்கள் என்றார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு கல்யாண வீடு. கணேசனை மட்டும் அனுப்பினேன். பாதி நிறம் அடித்து, மீதி நிறத்துக்காக அட்டி அட்டியாக அடுக்கிவைத்தபடி காத்திருந்தன லட்சுமி படத் தாள்கள். அவனுக்கு அது பாத்தி கட்டின பருத்தி. ஒவ்வோர் அட்டிக்கும் மேலும் கீழும் பனிமூட்டம் மாதிரி அடித்துவிட்டு, மனத்திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

காகிதம் ஈரத்தைக் குடித்தால் மயிரிழை அளவு பெருத்துவிடும். அந்த மயிரிழை போதும். திங்கட்கிழமை மீதி நிறத்தை ஓட்டினார்கள். லட்சுமிக்குப் புடவை சரியாக வந்தது, தாமரை சரியாக வந்தது. உதட்டுச் சிவப்பு மட்டும் இடத்தை விட்டு நகர்ந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மகாலட்சுமி யாருக்கோ பழிப்புக் காட்டுகிற மாதிரி இருந்தது. போன் வந்து ஓடினேன். முதலாளி ஒரு தாளை என் முன்னால் தூக்கிப் பிடித்தார். நல்லவேளை, ஓட்டியது கொஞ்சம்தான், பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்சத்திலேயே எங்கள் மானம் போய்விட்டது, அச்சக வேலையும் போய்விட்டது.

"ஆர்டர் குடுத்தது யாருன்னு தெரியுமா? முட்டாயிக் கடைக்காரரு. சாமியே வாயைக் கோணிக்கிட்டு நின்னா எவன்தான் அந்தக் கடையில அல்வா வாங்குவான்?"

சர்ட்டிபிகேட்டுக்கு மாலை

விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடை. கரோனா சமயத்தில் மருந்தடித்துவிட்டு, "இவ்விடம் கிருமிநீக்கம் செய்யப்பட்டது" என்று சீல் வைத்து ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்து, பழைய வாடிக்கையாளர் ஒருவராவது மிஞ்சமாட்டாரா என்ற நப்பாசையில் அங்கே போனேன். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்கு நடுவில், என் சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. காய்ந்த மாலை. முன்னால் ஊதுபத்தி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி என் கையெழுத்தே தெரியவில்லை.

கடையைச் சுத்தம் செய்து புதுசு தருகிறேன் என்றேன். கடைக்காரர் பதறிப்போனார். அது வந்த ராசியில்தான் வியாபாரம் தூக்கியது, அதைக் கழற்றவே கூடாது என்றார். அப்படியானால் கடையை மட்டுமாவது சுத்தம் செய்யலாமே என்றேன். சர்ட்டிபிகேட்டை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கும் மனசு நோகக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"வந்தது வந்துட்டீக. அந்தச் சர்ட்டிபிகேட் மேல மட்டும் ஒரு அடி அடிச்சிட்டுப் போங்க."

துடைப்பது யாருக்கு வேண்டும்?

அன்று சாயங்காலம் பாண்டியம்மாக்கா, வர்ற மாசத்திலிருந்து கம்பெனிக்கே போய்விடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போர்மேன் சங்கரலிங்கத்துக்கு நானே போன் போட்டேன். அக்காவை வெடிமருந்து அறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஆபீசையும் சாப்பாட்டு ஷெட்டையும் சுத்தம் செய்ய எங்களை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவரும் நல்ல மனுஷர், முதலாளியிடம் கேட்டுவிட்டு, ஒரு நாள் வந்து செய்து காட்டச் சொன்னார்.

ஆபீசும் சாப்பாட்டு ஷெட்டும் வாசல் கேட்டை ஒட்டி, வெடிமருந்து அறைகளுக்கு வெகு தூரத்தில் இருந்தன. நான் முதலாளியிடம் இந்தக் காலத்து முறையைச் சொன்னேன். ஊரெல்லாம் புகை அடித்தது கரோனா பயத்தில் செய்தது, இப்போது கை படுகிற இடங்களை, கைப்பிடி, சுவிட்சு, குழாய், மேசை, மருந்துத் துணியால் அழுத்தித் துடைத்துப் பத்து நிமிஷம் ஈரத்தோடு விட்டால் போதும், கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, மேசைக்கு நீலத் துணி, இரண்டும் கலக்கக் கூடாது என்றெல்லாம் விளக்கினேன். வானத்தில் போய் வெடிக்கிற சரக்குக் கேட்டவருக்குப் பாம்பு மாத்திரையைக் கொளுத்திக் காட்டியது மாதிரி இருந்தது அவர் முகம்.

"துடைக்கிறத எங்க வீட்லயுந்தாம்மா துடைக்கிறாக. பொகை வரட்டும். கண்ணால பாத்தாத்தான் நம்ம ஆளுக நம்புவாக!"

நம்பினார்கள்

நல்லவேளை, தீயோ சூடோ இல்லாத மிஷின்தான் எங்களுடையது. பேட்டரியில் ஓடும், மருந்துத் தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தூவும். பார்க்கத்தான் வெள்ளைப் புகை. கணேசன் ஆபீசுக்குள் போய் அடிக்க ஆரம்பித்தான். முதலாளி பெருமையாக வாசலில் நின்று பார்த்தார். யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, ஜனங்கள் ஷெட்டில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. ஆபீஸ் ஜன்னல் வழியாக வெள்ளையாகப் புகை கிளம்பியது. பட்டாசுக் கம்பெனியில் புகைக்கு ஒரே அர்த்தம்தான். எவரோ ஒருத்தர் "பொகை!" என்று கத்தினார். திறந்த வாளி திறந்தபடி கிடக்க, மொத்த ஷெட்டும் எழுந்து கேட்டைப் பார்த்து ஓடியது. முதலாளிக்கு விஷயம் தெரியும், அவர் சொல்லித்தான் அடிக்கிறோம். ஆனாலும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

பின்பக்கமாகவே நடந்து ஆபீசை விட்டு வெளியே வந்த கணேசன் திரும்பிப் பார்த்தான். ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அவனும் ஓடினான், மிஷினைத் தூக்கிக்கொண்டு, அதை அணைக்காமல். புகை கேட்டைத் தாண்டி ஜனங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. வேப்ப மரத்தடியில் நின்று மூச்சு வாங்கியவர்கள் புகையைக் கண்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார்கள். புகை நம்மை விடாது போலிருக்கே என்று ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டார். ஒருவழியாகத் தண்ணீர் தீர்ந்து மிஷின் நின்றது. போர்மேன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருத்தரும் குறையவில்லை என்றார். நான் கணேசனைப் பிடித்து உலுக்கினேன். எல்லாரும் ஓடும்போது புது மிஷினை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்றான்.

பாண்டியம்மாக்காவைத் தேடினேன். மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஷினில் மருந்துத் தண்ணீரைக் கலந்து ஊற்றியதே அவர்தான். ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து ஓடிவந்திருந்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெறுந் தண்ணிப் பொகைதான்னு எனக்குத் தெரியும் தாயி. காலுக்குத் தெரியலையே."

ஆறிய சோறு

வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அதைவிடப் பெரிய சிக்கல், ஒருத்தரும் திரும்ப உள்ளே வரவில்லை. புகை இல்லை, தண்ணீர்தான் என்று முதலாளி சொன்னார். கேட்கவில்லை. மருந்து என்று நான் சொன்னேன். மருந்து என்றதும் இன்னும் இரண்டடி பின்னால் போனார்கள். சோறு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது, பசியோடு எல்லாரும் வெயிலில் நின்றார்கள்.

பாண்டியம்மாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாளியையும் நீலத் துணியையும் எடுத்தார். தனியாக உள்ளே போனார். சாப்பாட்டு ஷெட்டில் ஒவ்வொரு பெஞ்சாக அழுத்தித் துடைத்தார். கேட் வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தன் தூக்குவாளியைத் திறந்து, நடுப்பெஞ்சில் உட்கார்ந்து, சாவகாசமாகப் புளிச்சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். "பாண்டியம்மாவே உக்காந்துட்டா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார். முதலில் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் எல்லாரும் போனார்கள். முதலாளி கடைசியாகப் போனார். ஓடும்போது விட்டிருந்த ஒரு செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பொகை போட்டா ஓடுறாக, துணியால துடைச்சா உக்காந்து சாப்பிடுறாக. ஒண்ணாந்தேதியிலருந்து அந்தம்மாவ வரச் சொல்லும்மா, அந்த மிஷினு மட்டும் கேட்டுக்கு அங்கிட்டே இருக்கட்டும்."

தரை ஈரம்

இப்போது பாண்டியம்மாக்கா தினமும் அதே கம்பெனிக்குத்தான் போகிறார். ஆனால் கேட்டை ஒட்டிய பக்கத்தோடு சரி, வெடிமருந்து அறைப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதில் இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கணேசன் துணி பிடிக்கப் பழகிக்கொண்டான். மேசைக்கு அடியில் துடைக்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

போன வாரம் மாதாந்திர வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். உச்சி வெயில். சாப்பாட்டு ஷெட் வாசலில் போர்மேன் சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, தூக்குவாளியோடு கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். பல வருஷம் பாண்டியம்மாக்காவை அதட்டி வேலை வாங்கியவர். உள்ளே அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே, அண்ணே, ஒரு கால் வைச்சீகன்னா முதல்லருந்து துடைக்கணும் என்று நிமிராமலே சொன்னார். போர்மேன் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா, பசிக்குது. என் கம்பெனியில எனக்கே பத்து நிமிசம் பெர்மிசன் வேண்டியிருக்கு!"

இத்தனை வருஷத் தொழிலில் கிருமி செத்துவிட்டதா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை, தரை காய்ந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்.